பாதசாரி எச்சரிக்கை: மார்க்கெட்டில் ஓயாத சத்தம், ராத்திரியில் மௌனம். அணைத்துவிடலாமா?

கூட்லுகேட்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அடாஸ் (கார் ஓட்டுறவருக்கு எச்சரிக்கை தந்து உதவுற கருவி) பற்றி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட சில கேள்விகள். வண்டியில முன் கண்ணாடிக் கேமரா மட்டும்தான், ராடார் கிடையாது. ஓட்டம் பெரும்பாலும் பெங்களூருல மடிவாளா, சில்க் போர்டு, அப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே போற ஓசூர் ரோடு.

மடிவாளா மார்க்கெட் ஓரமா போனா பாதசாரி எச்சரிக்கை நிறுத்தாம கத்துது. ஃபுட்பாத்ல நின்னு கீரை வாங்குறவங்களுக்குக்கூட சிவப்பா ஆள் படம் மின்னுது. ஆனா ராத்திரி கூட்லு கேட், சிங்கசந்திரா பக்கம் பாலத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து டிவைடர் தாண்டி ஆள் இறங்கும்போது சத்தமே வர்றதில்ல. கத்த வேண்டாத இடத்துல கத்துது, கத்த வேண்டிய இடத்துல சும்மா இருக்கு.

எச்சரிக்கை நேரத்தை 'லேட்'டுக்கு மாத்தினா போதுமா, இல்ல மொத்தமா அணைச்சிடலாமா? கல் பட்டு முன் கண்ணாடி மாத்தின வண்டி இது. கடையில கேமராவைக் கழட்டித் திரும்ப மாட்டிக் கொடுத்தாங்க, வேற எதுவும் செய்யல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? வீட்டுல அப்பா ஓட்டுற பழைய காருக்கு வெளியில வாங்கி மாட்டுற எச்சரிக்கைக் கருவி பிரயோஜனப்படுமா?

---

கண்ணாடிக்கேமரா எழுதியது:

சார், முதல்ல எதையும் அணைக்காதீங்க, 'லேட்'டுக்கும் போகாதீங்க. நீங்க சொன்ன ரெண்டு குறையும் ஒரே இடத்துலருந்து வரலாம். கண்ணாடி மாத்தினதும் கேலிபரேஷன் (கேமராவுக்கு நேர்த் திசையைத் திரும்பப் பதியுறது) செய்யலைன்னா கேமரா எந்தப் பக்கம் பார்க்குதுன்னு அதுக்கே சரியாத் தெரியாது.

கணக்கைப் பாருங்க. கேமரா வெறும் 1 டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தா, 50 மீட்டர் தூரத்துல கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். ஃபுட்பாத்ல நிக்கிறவர் நம்ம பாதைக்குள்ள நிக்கிற மாதிரி தெரிவார். எதிர்ப் பக்கம் டிவைடர்லருந்து உள்ளே வந்தவர் இன்னும் வெளியேதான் இருக்கார்னு அது நினைச்சுக்கும். ஒரு பக்கம் வீண் சத்தம், மறுபக்கம் மௌனம். அதனால ஒண்ணு கவனிச்சுச் சொல்லுங்க: சத்தம் அதிகமா இடப்பக்கத்து ஆளுங்களுக்கு வருதா, ரெண்டு பக்கமும் சமமா வருதா? ஒரே பக்கம்னா கோணம்தான் முதல் சந்தேகம்.

மேல் கீழ் கோணம் இன்னும் மோசம். ஒற்றைக் கேமரா பெரும்பாலும் ஆளோட பாதம் தரையைத் தொடுற இடத்தை வெச்சுத்தான் தூரம் கணக்குப் பண்ணும். கேமரா 1.3 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க. 30 மீட்டர்ல நிக்கிற ஆள், அரை டிகிரி தப்புக்கே 38 மீட்டர்லயோ 25 மீட்டர்லயோ இருக்கிற மாதிரி தெரிவார். ஓடும்போது ரோட்டுக் கோடுகளை வெச்சு கேமரா தானே ஓரளவு சரி பண்ணிக்கும். ஆனா நம்ம ஊர் ரோட்டுல பாதி இடத்துல கோடே அழிஞ்சு கிடக்கு, அந்தத் திருத்தத்தை நம்பி இருக்க முடியாது.

செய்ய வேண்டிய வரிசை இது. கண்ணாடி அந்த மாடலுக்கு உரியதா, கேமரா தாங்கி ஒட்டினதே நேரா இருக்கான்னு முதல்ல பாருங்க. தாங்கியே கோணலா ஒட்டியிருந்தா கேலிபரேஷன் முடியாம பிழைக் குறியீடு காட்டி நின்னுடலாம். அடுத்து வீல் அலைன்மென்ட். பின் சக்கரம் இழுக்கிற திசை கோணலா இருந்தா, அந்தக் கோணலையே நேர்னு பதிஞ்சுடும். டயர் காற்று கதவு ஓர ஸ்டிக்கர்ல இருக்கிற அளவு, டிக்கி காலி, தரை சமம், பேட்டரிக்கு சார்ஜர். இதெல்லாம் ஆனப்புறம்தான் கார் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஸ்கேனர் போட்டு, கம்பெனி சொன்ன தூரத்திலும் உயரத்திலும் இலக்குப் பலகையை நிறுத்திப் பதியணும். சில மாடல்களுக்குப் பலகையே வேண்டாம், ஸ்கேனர் மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டணும். அதுக்குக் காய்ஞ்ச ரோடு, பகல் வெளிச்சம், தெளிவான கோடு வேணும். ஏர்போர்ட் போற பெல்லாரி ரோடு மாதிரி இடத்துல காலையில சீக்கிரம் போனா வேலை ஆகும். ஓசூர் ரோட்டு நெரிசல்ல பாதியில நின்னுடும்.

இதை முடிச்சதுக்கு ஸ்கேனர்ல ஒரு ரிப்போர்ட் வரும். அதைக் கேட்டு வாங்குங்க. "மாட்டிட்டோம், லைட் எரியல, சரியா இருக்கு"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கோணல் கேமராவுக்கு எச்சரிக்கை விளக்கு எரியணும்னு அவசியமே இல்ல.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பார்க்கக் கூடியது: ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை எங்க ஒட்டியிருக்கு? ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால நடுவுலதான் எல்லாரும் ஒட்டுறாங்க, கேமரா பார்க்கிற முக்கோணமும் அங்கதான் இருக்கு. டேஷ்போர்டு மேல பளபளக்கிற பிள்ளையார், வெள்ளைக் காகிதம், மொபைல் ஸ்டாண்டு இருந்தா அதோட பிம்பம் முன் கண்ணாடியில தெரிஞ்சு கேமரா படத்துக்குள்ள விழும். கண்ணாடிக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் ஆவி படிஞ்சு மெல்லிய மங்கல் வரும். கேமரா மூடிக்குள்ள இருக்கிற மங்கலை நீங்க துடைக்க முடியாது, சர்வீஸ்லதான் மூடியைக் கழட்டித் துடைக்கணும். லென்ஸை யாரும் தொடக் கூடாது. வைப்பர் ரப்பர் தேய்ஞ்சு கேமராவுக்கு நேரா கோடு போட்டா மழையில அதுவே பாதிக் குருடு.

---

பிரேக்மேல்கால் எழுதியது:

கேலிபரேஷன் பற்றி மேலே சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஓட்டுநர் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம் இது: எங்கே ஆபத்து அதிகம் என்று நம் மனம் போடும் கணக்கும், உண்மையான கணக்கும் அநேகமாக நேர்மாறாக இருக்கும்.

மடிவாளா மார்க்கெட்டில் மனம் பதறுகிறது. ஆள் கூட்டம், கூடை, தள்ளுவண்டி. ஆனால் அங்கே நீங்கள் போவது மணிக்கு 15 கிலோமீட்டர். ஒன்றரை நொடி எதிர்வினை நேரம், காய்ந்த ரோட்டில் சாதாரணமான நல்ல பிரேக் என்று வைத்தால் ஏழரை மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். இரவில் மேம்பாலத்துக்குக் கீழே ரோடு காலி, மனம் நிம்மதியாக இருக்கிறது, 60இல் போகிறோம். அங்கே அதே கணக்கு 45 மீட்டர். மழை ஈரத்தில் 50இல் போனாலும் ஏறக்குறைய அதே 45 மீட்டர். ஆக, பதற்றம் அதிகமுள்ள இடத்தில் ஆபத்து குறைவு, நிம்மதியான இடத்தில்தான் ஆள் சாகிறார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள்.

40க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 40இல் போகும் வண்டி மொத்தம் 25.5 மீட்டரில் நிற்கும். அதே 25.5 மீட்டர் தூரத்தில் அதே ஆள் இறங்குகிறார், நீங்கள் 50இல் போகிறீர்கள். ஒன்றரை நொடியில் 21 மீட்டர் ஓடிவிடும். பிரேக்குக்கு மிஞ்சுவது ஐந்து மீட்டருக்கும் குறைவு. அவர் மேல் மோதும்போது வேகம் இன்னும் 40. முதல் வண்டி தொடாமல் நின்ற இடத்தில் இரண்டாவது வண்டி 40இல் இடிக்கிறது. காலை வைக்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் ஆக்சிலேட்டரை விட்டு பிரேக் பெடல் மேல் காலை அழுத்தாமல் வைத்திருந்தால் கால் நகரும் நேரம் மிச்சம். அது பத்தில் மூன்று பங்கு நொடி என்றாலும் 40இல் மூன்று மீட்டருக்கு மேல்.

சந்தேகமான இடம் எது? எச்சரிக்கைக் கருவி கண்ணுக்குத் தெரிகிற ஆளைத்தான் பார்க்கும். தெரியாத ஆளை ஊகிப்பது ஓட்டுநர் வேலை. நிறுத்தத்தில் பிஎம்டிசி மாநகரப் பஸ் நின்றால், அதன் மூக்குக்கு முன்னால் ஒருவர் ரோட்டைக் கடக்கத் தொடங்கியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால்தான் கடப்பார்கள். தூரத்திலிருந்தே பஸ்ஸின் அடிப்பக்கம் பாருங்கள், முன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கால்கள் தெரியும். டிவைடர் கம்பி வளைந்து இடைவெளி விட்டிருந்தால் அதுதான் அந்தப் பகுதிக்காரர்களின் ஜீப்ரா கிராசிங். ஒரு பக்கம் பஸ் நிறுத்தமும் எதிர்ப் பக்கம் பிஜி விடுதிகளும் இருந்தால் நடுவில் ஆள் வந்தே தீருவார். மெட்ரோ மஞ்சள் வழி ஓடத் தொடங்கியபின் ஓசூர் ரோட்டில் ஸ்டேஷன் படிக்கட்டு இறங்கும் இடங்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பாலத்தூண், மெட்ரோத் தூண் இரண்டும் ஓர் ஆளை முழுசாக மறைக்கும் அகலம் கொண்டவை.

பக்கத்து லேனில் வண்டி காரணமில்லாமல் வேகம் குறைக்கிறது என்றால், நீங்களும் குறையுங்கள். முந்துவதற்கு இடம் கிடைத்தது என்று பாய்வதுதான் இரண்டு மூன்று லேன் உள்ள ரோட்டில் மிக மோசமான பழக்கம். நின்ற வண்டி யாருக்கோ வழி விட்டிருக்கிறது. அதே காரணத்தால், நீங்கள் நின்று ஒருவருக்குக் கைகாட்டிப் "போங்க" என்று சொல்லாதீர்கள். வலப்பக்கம் வருகிறவன் நிற்பான் என்று உங்களால் வாக்குக் கொடுக்க முடியாது. நின்றால் போதும், அவர் பார்த்துக் கடக்கட்டும்.

ஹெட்லைட்டை மின்னவைப்பது இன்னொரு குழப்பம். நம் ஊரில் அதற்கு "நான் நிற்க மாட்டேன்" என்று அர்த்தம், கடக்கிறவரோ "வழி விடுகிறார்" என்று எடுத்துக்கொள்ளலாம். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படி சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் முன்னுரிமை நடப்பவருக்குத்தான். லைட் அடிப்பதோ ஹாரன் அடிப்பதோ அதை மாற்றாது.

ஏ பில்லர், அதாவது முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள தூண், பற்றியும் சொல்ல வேண்டும். வலது பக்கம் திரும்பும்போது வலது பில்லர் நம் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. பில்லர் 10 சென்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம் என்றால், 10 மீட்டர் தள்ளி ஒரு கண்ணுக்கு 1.4 மீட்டர் மறைகிறது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தாலும் அரை மீட்டருக்கு மேல், அதாவது ஓர் ஆளின் தோள் அகலம். நாம் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் பொருந்திவிட்டால் திருப்பம் முழுக்க அவர் அந்த மறைவுக்குள்ளேயே நகர்ந்து வருவார். ஆகவே திரும்பும் முன் உடம்பை முன்னாலும் பக்கத்திலும் அசைத்து ஒருமுறை பாருங்கள். தலையை மட்டும் திருப்பினால் போதாது, கண்ணின் இடம் மாற வேண்டும். பல வண்டிகளில் திருப்பத்தின்போது கேமராவின் பார்வைக் கோணத்துக்குள்ளும் அவர் வந்திருக்க மாட்டார், இண்டிகேட்டரும் ஸ்டியரிங் திருப்பமும் சேர்ந்து எச்சரிக்கையைத் தற்காலிகமாக அடக்கியும் வைக்கலாம்.

---

சென்சார்ச்சோதனை எழுதியது:

இதே துறையில் வேலை என்பதால் கருவியின் எல்லைகளைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

கேமரா ஒரு படத்தைப் பார்த்து உடனே கத்துவதில்லை. தொடர்ந்து பல படங்களில் 'இது ஆள்தான், இந்தத் திசையில் நகர்கிறார், நம் பாதையில் வந்து சேருவார்' என்று உறுதியான பிறகுதான் எச்சரிக்கும். மோதுவதற்கு இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்பதே அதன் அடிப்படைக் கணக்கு, மீட்டர் தூரம் அல்ல. 'முன்கூட்டி', 'சாதாரணம்', 'லேட்' என்று இருப்பது இந்த நொடிக் கணக்கை மாற்றும் பொத்தான். 'லேட்' என்று வைத்தால் வீண் சத்தம் குறையும், ஆனால் உங்கள் ஒன்றரை நொடி எதிர்வினைக்கே இடம் இல்லாமல் போகும். பிரேக்மேல்கால் சொன்ன இரவுச் சூழலில் அது வெறும் அலங்காரம் ஆகிவிடும். வீண் சத்தம் தாங்கவில்லை என்றால் ஒலியளவைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் தனித்தனி மெனு.

இரவில் மௌனம் ஏன் என்பதற்கு வருகிறேன். வெளிநாட்டிலும் இதுவே நிலை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ, ஆளைக் கண்டால் தானாக பிரேக் பிடிக்கும் கார்களை வைத்து 2019இல் நடத்திய சோதனையில், மணிக்கு 32 கிலோமீட்டரில் பகலிலேயே, நிறுத்திய கார்களுக்கு இடையிலிருந்து ஓடிவந்த குழந்தைப் பொம்மையை 89 சதவீதம் தடவை கார் மோதியது. இரவில் அந்தக் கருவிகள் பயனில்லை என்றே அவர்கள் முடிவு சொன்னார்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் 2022இல் உண்மையான விபத்துகளை ஆராய்ந்தபோது, பாதசாரி அவசர பிரேக் உள்ள கார்களில் ஆட்களை மோதும் விபத்து 27 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய பலன்தான் அது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் இல்லை, வண்டி திரும்பும்போதும் இல்லை. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2016இல் பாதசாரி பிரேக் சோதனையைத் தொடங்கி, 2018இல்தான் இரவுச் சோதனையைச் சேர்த்தது. புது மாடல்கள் 2019ஐவிட நன்றாகவே பார்க்கின்றன, ஆனாலும் மேம்பாலத்து அடியில் விளக்கு எரியாத இடம், கறுப்புச் சேலை, எதிரே ஹை பீம் மூன்றும் சேர்ந்தால் கேமராவும் நம் கண்ணும் ஒரே தவிப்புதான்.

இன்னொரு முடிவு பலருக்குத் தெரியாது. ஐஐஎச்எஸ் 2025 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில், ஒளி திருப்பும் பட்டைகள் அணிந்த பொம்மையைச் சோதித்த மூன்று கார்களில் இரண்டு அடையாளம் காணவே தடுமாறின. இருட்டில் பட்டை மட்டும் வெள்ளைக் கோடுகளாக எரியும்போது மனித உருவம் கலைந்துவிடுகிறது. நம் ஊரில் விடியற்காலை ரோட்டைப் பெருக்கும் பௌரகார்மிகர்கள், மெட்ரோ வேலையாட்கள், டிராஃபிக் போலீஸ் எல்லோரும் அதே மாதிரிப் பட்டை போட்ட ஜாக்கெட்டில்தான் நிற்கிறார்கள். நம் கண்ணுக்கு அவர்கள் பளிச்சென்று தெரிவதால், கார் பார்த்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

குனிந்து பெருக்குகிறவர், தலையில் பூக்கூடை சுமப்பவர், ரெயின்கோட் அல்லது குடைக்குள் இருப்பவர், சைக்கிளைத் தள்ளி நடப்பவர், கூட்டமாக ஒட்டி நடப்பவர்கள், உயரம் குறைந்த குழந்தை: இவர்களை அடையாளம் காண முடியாமல் போகலாம் என்று வண்டிகளின் மேனுவலே ஏதோ ஒரு வடிவில் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 20, 30 பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. கேமராவுக்குக் கற்றுக் கொடுக்கும் படங்களில் நம் தெருக்கள் இருப்பது அவசியம் என்பதால்தான் ஹைதராபாத் ஐஐஐடி கல்வி நிறுவனம், இன்டெலுடன் சேர்ந்து ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்களை 2018இல் 'இந்தியா டிரைவிங் டேட்டாசெட்' என்று வெளியிட்டது.

இனி பஸ்ஸுக்கு முன்னாலிருந்து வருபவர் பற்றி. பஸ் ஓரத்திலிருந்து உங்கள் கார் பாதைக்கு ஒன்றரை மீட்டர் என்று வைப்போம். சாதாரண நடை வேகத்தில் அவருக்கு ஒரு நொடிக்குச் சற்று அதிகம் போதும். பிரேக் பிடிக்காவிட்டால் அதே நொடியில் காரும் அங்கே வந்து சேரும் என்று வைப்போம். கருவி உறுதிசெய்து பிரேக் முழு அழுத்தம் பிடிக்க 0.6 நொடி, அதன்பின் முழு பிரேக் என்று தாராளமாகவே வைத்துக் கணக்கிட்டால்: 30இல் வந்த கார் அவரைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நிற்கும். 40இல் வந்த கார் 19இல் மோதும். 50இல் வந்தது 30இல் மோதும். ஓட்டுநர் மட்டும் இருந்தால் மூன்று வேகத்திலும் பிரேக்கில் கால் வைக்கும் முன்பே மோதல் முடிந்திருக்கும். கருவி வேலை செய்யும், ஆனால் நாம் 30க்குப் பக்கத்தில் இருந்தால்தான் முழுசாகக் காப்பாற்றும். இதனால்தான் கருவியை அணைக்காதீர்கள் என்றும், அதை நம்பி வேகம் வைக்காதீர்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறோம்.

மேனுவலில் மூன்று எண்களைத் தேடிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கான எச்சரிக்கை எந்த வேகம் வரை, தானியங்கி பிரேக் எந்த வேகம் வரை, நின்றபின் பிரேக்கை எத்தனை நொடி பிடித்திருக்கும். கார்களுக்கான எல்லையைவிட ஆட்களுக்கான எல்லை குறைவாக இருப்பது வழக்கம். பல வண்டிகளில் நின்ற பின் சுமார் 2 நொடியில் பிரேக்கை விட்டுவிடும். ஆட்டோமேட்டிக் கியரில் கார் மெல்ல ஊர ஆரம்பிக்கும். ஆகவே கார் தானாக நின்ற உடனே நீங்களும் பிரேக்கை மிதிக்க வேண்டும். அதிர்ச்சியில் ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்தாலோ ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாலோ 'ஓட்டுநர் பொறுப்பெடுத்துக்கொண்டார்' என்று கருவி ஒதுங்கிவிடும். வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சியை அணைத்தால் சில மாடல்களில் இதுவும் சேர்ந்து அணையும்.

---

கூட்லுகேட்வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கவனிச்சுப் பார்த்ததுல சத்தம் பெரும்பாலும் இடப்பக்க ஃபுட்பாத் ஆளுங்களுக்குத்தான் வருது. ஃபாஸ்டேக்கும் கேமராவுக்குக் கொஞ்சம் கீழதான் ஒட்டியிருக்கு. கேலிபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கேன். அப்பாவோட பழைய கார் பத்தி யாராச்சும் சொல்ல முடியுமா? அவருக்கு ராத்திரிப் பார்வை முன்ன மாதிரி இல்ல.

---

டிப்போலைட் எழுதியது:

தம்பி, பழைய கார்ல வெளிக் கருவி மாட்டுறதுல தப்பில்ல. நாக்பூர்ல 2021இல் தொடங்கின ஐராஸ்டே திட்டத்துல மாநகராட்சி பஸ்களுக்கே இந்த மாதிரி மோதல் எச்சரிக்கை மாட்டினாங்க. கருவி எங்கெல்லாம் அடிக்கடி எச்சரிக்குதோ அந்த இடத்தை வரைபடத்துல குறிச்சு, விபத்து நடக்கிறதுக்கு முன்னாடியே ரோட்டைத் திருத்தலாம்கிறது அதோட நோக்கத்துல ஒண்ணு. ஆனா வெளிக் கருவி சத்தம்தான் போடும், பிரேக் பிடிக்காது. அதுல பலவும் ஆளை அடையாளம் காணுறது பகல்ல மட்டும்தான். அப்பாவுக்கு ராத்திரிதான் கஷ்டம்னா காசை முதல்ல வேற இடத்துல போடுங்க.

ஹெட்லைட் மட்டம். இதை யாரும் பார்க்கிறதில்ல. சமமான தரையில சுவருக்கு எதிரே 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. டயர் காற்று சரியா இருக்கட்டும், ஓட்டுறவர் சீட்டுல உட்காரட்டும், உள்ளே இருக்கிற லைட் உயரச் சக்கரத்தை 0ல வைங்க. தரையிலிருந்து பல்பு மையம் எவ்வளவு உயரம்னு அளந்து அதே உயரத்தைச் சுவர்ல சாக்பீஸால குறிங்க. லோ பீமோட வெட்டுக் கோடு (வெளிச்சம் முடிஞ்சு மேல இருட்டு தொடங்குற கோடு) அந்தக் குறிக்கு சுமார் 10 சென்டிமீட்டர் கீழ விழணும். அதுதான் 1 சதவீதச் சரிவு. உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு லைட் பக்கத்துலயே ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அதையே பின்பற்றுங்க. பல்பு 65 சென்டிமீட்டர் உயரம்னா 1 சதவீதத்துல வெளிச்சம் 65 மீட்டர் வரைக்கும் எட்டும். திருகு இறங்கி 2 சதவீதம் ஆச்சுன்னா 32 மீட்டர்தான். 60ல போனா நிக்க 45 மீட்டர் வேணும்னு மேல சொல்லியிருக்காங்க. அப்போ வெளிச்சம் காட்டுறதுக்கு முன்னாடியே தூரம் தீர்ந்துடும். மேல ஏத்திவிட்டா எதிரே வர்றவர் கண்ணு கூசும், அவர் ஆளை இடிப்பார். அதனால சரியான அளவுல வைங்க.

இன்னொண்ணு. நம்ம நாட்டு லோ பீம் இடப்பக்கம்தான் மேல ஏறும், ஃபுட்பாத் பக்கம் தூரமாக் காட்டும். டிவைடர் பக்கம் தாழ்வாகவே இருக்கும், எதிர் வண்டிக்குக் கூசக் கூடாதுன்னு. அதனாலதான் டிவைடர்லருந்து இறங்குறவர் ராத்திரி திடீர்னு தெரியுறார். வலது ஓர லேன்ல ராத்திரி அப்பா போனா வேகம் 40 தாண்ட வேண்டாம்னு சொல்லுங்க. எதிர் லைட் கூசினா அதைப் பார்க்காம இடது ஓரக் கோட்டைப் பார்க்கணும், கால் ஆக்சிலேட்டரை விடணும். கூசின கண்ணு பழைய நிலைக்கு வரச் சில நொடி பிடிக்கும், வயசானவங்களுக்கு இன்னும் அதிகம்.

மங்கிப்போன ஹெட்லைட் மூடியைப் பாலிஷ் போடுங்க, மஞ்சளா இருந்தா பாதி வெளிச்சம் உள்ளேயே நின்னுடும். முன் கண்ணாடி உள்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியில துடைங்க. கறுப்பு சன் ஃபிலிம் இருந்தா எடுத்துடுங்க. கண் டாக்டர்கிட்ட புரை இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க, எதிர் லைட்டைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு அப்பா சொன்னா தள்ளிப் போடாதீங்க. முன்னால புல் பார் மாட்டியிருந்தா கழட்டுங்க, 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதைத் தடை பண்ணச் சொல்லிடுச்சு. ஆள் மேல பட்டா தொடை எலும்பை நேரா உடைக்கிறது அதுதான்.

---

சென்சார்ச்சோதனை எழுதியது:

டிப்போலைட் சொன்ன வலது பக்க பீம் விஷயம் மிக முக்கியம், நன்றி. கேமரா பார்ப்பதும் அதே ஹெட்லைட் வெளிச்சத்தில்தான். ஆகவே கூட்லுகேட்வாசி, உங்கள் புதுக் காருக்கும் அந்தச் சுவர்ச் சோதனையைச் செய்துவிட்டுக் கேலிபரேஷனுக்குப் போங்கள்.

முடிந்தபின் சரியாகிவிட்டதா என்று பார்க்க யாரையும் காருக்கு முன்னால் நிறுத்தியோ நடக்கவிட்டோ சோதிக்காதீர்கள். அட்டைப் பொம்மையும் உதவாது. அசையாத தட்டை உருவத்தைக் கேமரா ஆள் என்று ஏற்காமல் போகலாம், அதை வைத்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். சோதனைக்கூடங்களில் பயன்படும் பொம்மைக்கு அசையும் கால்களும், ராடாருக்கு மனித உடல் போலத் தெரியும் மேற்பரப்பும் உண்டு. உங்களுக்கு எளிய வழி, ஏற்கெனவே தெரிந்த இடத்தில் ஒப்பிடுவது. பகலில் அதே மடிவாளா ஓரம், அதே வேகம், ஃபுட்பாத்தை ஒட்டாமல் லேன் நடுவில் ஓட்டுங்கள். முன்பு நிற்கிறவர்களுக்கெல்லாம் வந்த சத்தம் இப்போது ரோட்டில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் வந்தால் கோணம் சரியாகிவிட்டது. இடப்பக்கம் அமைதியாகி, வலப்பக்கம் டிவைடர்மேல் சும்மா நிற்பவர்களுக்குக் கத்தத் தொடங்கினால் மறுபக்கம் சாய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், ரிப்போர்ட்டோடு திரும்பப் போங்கள்.

---

கண்ணாடிக்கேமரா எழுதியது:

அப்படித் திரும்பப் போனா, வேற எதையும் தொடவிடாம முதல்ல தாங்கியை அளக்கச் சொல்லுங்க சார். ரெண்டு தடவை கேலிபரேஷன் பண்ணியும் ஒரு பக்கம் இழுத்தா, பசை காய்றதுக்கு முன்னாடி கண்ணாடி கீழே சறுக்கியிருக்கலாம். அதுக்குக் கண்ணாடியையே எடுத்து மறுபடி ஒட்டணும். ஒட்டினப்புறம் பசை டப்பாவுல போட்டிருக்கிற நேரம் முழுசா காயணும், அதுக்கப்புறம்தான் பலகை வெச்சுப் பதியணும். ஃபாஸ்டேக்கைப் பிய்ச்சா கிழிஞ்சுடும், திரும்ப ஒட்ட முடியாது. அதனால புதுசுக்கு முதல்லயே பேங்க்ல எழுதிக் கொடுத்துடுங்க.